சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

அந்த ட்ரக்கை நான் முதலில் பார்த்தபோது அதன் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பாலசமுத்திரத்தில் ஒரு கொய்யாத் தோப்புக்குப் பின்னால் கிடந்த பழைய ராணுவ வண்டி. யாரோ ஏலத்தில் எடுத்து, யாரோ மறந்துபோனது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. நான்கிலும் காற்று இல்லை. வயதில் எனக்கு அண்ணன். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புத்தி கெட்டது.

லடாக் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கல்யாணமான புதிதில் சொன்னது. அதை என் கையால் கட்டிய வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுவது என்பது என் ஆசை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு விளங்க மூன்று வருடமும் ஒரு கொண்டை ஊசி வளைவும் தேவைப்பட்டன.

வண்டியை லாரியில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலைக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர். வாடிக்கையாளரை அவமானப்படுத்துவதில் அவருக்கு ஒரு நிதானம் உண்டு. என்னைத் 'தொரை' என்பார். தோட்டத்தில் வேலை தெரியாமல் அதிகாரம் பண்ணுகிறவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று, நான் கேட்காமலேயே விளக்கமும் சொன்னார்.

இஞ்சினையும் கியர் பெட்டியையும் அவர் பார்த்தார். பின்பக்கம் முழுக்க என் வேலை. மடக்குக் கட்டில், தண்ணீர் டேங்க், அடுப்பு வைக்க ஒரு பெட்டி. அதற்கு மேல் என் பயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு அடித்தேன். தீயணைப்பான் இரண்டு, முதலுதவிப் பெட்டி மூன்று, ஆக்ஸிஜன் டப்பா, பாம்புக்கு ஒரு கம்பு. லடாக்கில் பாம்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் ஒருநாள் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸ்தான் செய்யப்போறீங்கன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே தொரை, சைரன் ஒண்ணு கெடக்கு," என்றார்.

மனைவி ஆங்கில ஆசிரியை. எதையும் வாசித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். என்னையும் அப்படியே வாசித்து வைத்திருந்தாள். ஒரு நிபந்தனை போட்டாள். "பெருமாள்மலையிலேருந்து பழனி அடிவாரம் வரைக்கும் ஒரு தடவ என்னைய எறக்கிக் காட்டுங்க. நான் கண்ண மூடாம வந்துட்டேன்னா லீவு எழுதிக் குடுத்துட்டு லடாக்குக்கு வாரேன். இல்லேன்னா நீங்களும் ஒங்க கோழிக்கூடும்." அவ்வளவுதான். மூன்று வருட உழைப்பு, ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலைப்பாதைக்கு வந்து நின்றது.

பிரேக்கை மட்டும் நானே பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். அவளை மிதிக்கச் சொன்னேன். மடியில் பழைய கையேட்டை விரித்து வைத்துக்கொண்டே மிதித்தாள். பெடலுக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறது, இல்லையென்றால் காற்று மிச்சமிருக்குமாம் என்றாள். நான் பக்கத்துச் சக்கரத்தடியில் ஏற்கனவே படுத்துவிட்டேன். எழுந்திருக்கச் சோம்பல். "இதை எட்டாங்கிளாஸ்ல போயி நடத்து, இங்க மிதிக்கிற சோலிய மட்டும் பாரு," என்றேன். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் கையேட்டை மூடி வைத்துவிட்டு மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பினோம். அவள் இடது சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பத்து வளைவிலும் வண்டி நன்றாகத்தான் இறங்கியது. நான் விசிலடித்தேன் என்றுகூட நினைவு. பதினொன்றாவது வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரிப் போனது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது.

தெரிந்த டிரைவர் என்ன செய்வான்? கிளட்சைத் தொடமாட்டான். சின்ன கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நான் பிரேக்கோடு கிளட்சையும் சேர்த்து, இரண்டு காலாலும் மிதித்தேன். இஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி சுதந்திரமாக இறங்கத் தொடங்கியது. என் பக்கம் பாறை, அவள் பக்கம் பள்ளம். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மனிதச் சத்தமில்லை என்று பின்னால் அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

நான் மன்னவனூர்க்காரன். கல்லூரி விடுமுறைகளில் பூண்டு மூட்டை ஏற்றிய ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு போனவன். மேட்டில் வண்டி மூச்சு முட்டிப் பின்னால் சரிந்தால், தொங்குகிறவன் குதித்து ஓடி ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். வெரசா வைக்கவில்லையென்றால் மூட்டையோடு சேர்ந்து வண்டியும் போகும். டிரைவர் "ஏலே, கல்லு" என்று கத்தும்முன் என் கால் தரையில் இருக்கும். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. வாழ்க்கையில் எனக்கிருந்த ஒரே நல்ல பெயரும் அதுதான்.

குதித்துவிட்டேன்.

வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது நான்தான் என்பது உடம்புக்குத் தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு, ஐம்பது வயதில், தொப்பை குலுங்க, என் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். என் கால் கிளட்சை விட்டதும் இஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. வண்டி தள்ளாடி நடக்கும் வேகத்துக்கு வந்தது. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் திருப்பி, மறுகையால் கைப்பிரேக்கை இழுத்தாள். வண்டி ஓரக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கிக் குலுங்கி நின்றது. அதற்குப் பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்து, கல்லை வைத்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால். இறக்கத்தில் முகம் வைத்து நிற்கிற வண்டிக்கு.

மேலே ஏறி வந்த சுற்றுலா வேன் ஒன்று நின்று, உள்ளேயிருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் என்னைப் பார்த்து, பொம்பளை உள்ளே இருக்கிறாளே என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

மனைவி மெதுவாக இறங்கி வந்து கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே பூண்டு ஜீப் கதையை ஆரம்பித்தேன். பழக்கம், உடம்பு தானாகச் செய்தது, இந்த மாதிரி.

"கல்லு ஞாபகம் வந்துச்சு," என்றாள். "நான் ஞாபகம் வரல."

அடுத்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது இன்னொரு பஸ்ஸும் போனது; அதன் கண்டக்டர் விசாரித்தார். நான் வண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இயற்கையை ரசிப்பதாகச் சொன்னேன்.

மெக்கானிக் ஆட்களோடு வந்து வண்டியை இழுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்க குதிச்சதுதான் தொரை நல்லது," என்றார். "கால எடுத்தீங்க பாருங்க, அதுலதான் டீச்சர் பொழைச்சாங்க. உள்ளேயே இருந்திருந்தா ரெண்டு பேரையும் அள்ளியிருக்கணும்." இதை அவர் கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இஞ்சினைப் பற்றிப் பேசுகிற அதே முகத்தோடு சொன்னார்.

பிரேக்கை அவரே பிரித்து, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, சரி செய்து கொடுத்தார். இப்போது நகத்தால் தொட்டாலே நிற்கிறது. நான் தனியாக மூன்று தடவை அடிவாரம் வரை போய் வந்து, ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அவள் வெளியே வரவில்லை. நிபந்தனையைப் பற்றி நினைவூட்டினேன். ஒருதடவைதானே சொன்னேன், அது முடிந்துவிட்டது என்றாள். கோபமில்லாமல், விடைத்தாளில் மதிப்பெண் போட்டு முடித்தவள் மாதிரி.

ஜூன் மாதம் லீவு எழுதிக் கொடுத்தாள். உடன் வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களோடு விமானத்தில் லடாக் போனாள். நான் மதுரை வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். டாக்ஸி சொல்லியாச்சு என்றாள்.

ஐந்தாம் நாள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல். பெரிய கணவாயில் இருக்கிறோம், பனி கொட்டுகிறது, கை விறைக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "டிரைவர் தம்பி நல்லா ஓட்டுறாருங்க. வண்டி நிக்கிற வரைக்கும் உள்ளேயே இருக்காரு," என்று முடித்தாள். பின்னால் இரண்டு டீச்சர்கள் சிரிப்பது கேட்டது.

பெருமாள்மலைக்குப் போய் மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டினேன். எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று ஒரு நப்பாசை. அவர் கையைத் துடைத்துவிட்டு ஆட்களையும் கூப்பிட்டு, மறுபடி போடச் சொன்னார்.