அத்தை எழுந்து நின்றாள்

பதுளை நீதவான் நீதிமன்றத்தில் அப்பாவின் சட்டத்தரணி எங்களைக் கைநீட்டிக் காட்டியபோது நான் பள்ளிக்கூட வெள்ளைக் கவுன் போட்டிருந்தேன். வேறு நல்ல உடுப்பு இல்லை. ஏழு வயதுத் தம்பி என் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கூண்டில் அப்பா தலைகுனிந்து நின்றார். அம்மா, முறிந்து கூடிய இடது கையை மடியில் வைத்தபடி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனித் தண்டனைதான். சட்டத்தரணி சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அப்பாவுக்குத் தமிழில் சொன்னார்: "இவருக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுடைய முகத்தைப் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் ஒத்திவைத்த தண்டனை தரவேண்டும்." அதற்காகத்தான் எங்களை அழைத்து வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில்தான் பின்வரிசையில் இருந்து அத்தை எழுந்தாள்.

அத்தை அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. தாய் இறந்த பிறகு அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கணவர் இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளை கிடையாது. காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போதுகூட, அப்பாவைத்தான், "தம்பி சாப்பிட்டானா?" என்று எங்கள் வாசலில் கேட்டுவிட்டுத்தான் போவாள். மலையிலிருந்து திரும்பும்போது கொய்யாப்பழம் கிடைத்தால் முதல் பழம் அப்பாவுக்கு, அப்புறம்தான் எங்களுக்கு. அவரைப் பற்றி யார் குறைசொன்னாலும் அவளுக்கு ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா விறகுக்கட்டையால் அம்மாவை அடித்தார். காரணம் நினைவில்லை. காரணம் இருந்த நாட்களும் இல்லாத நாட்களும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. நானும் தம்பியும் அடுப்படிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை, அப்பாவின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். திரும்பியவள் முதலில் எங்களைத்தான் பார்த்தாள். தம்பியின் கால்சட்டை நனைந்திருந்தது. அவளுடைய முகம் அன்றைக்கு மாறியதை நான் கண்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா, "மலையில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள். அத்தை குறுக்கே வந்தாள். "இல்லைங்க டாக்டரம்மா. என் தம்பிதான் அடிச்சான்."

யாழ்ப்பாணத்துக்காரரான அந்த டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டவையோ?" என்று கேட்டார்.

"ரெண்டும் பாத்துக்கிட்டுத்தாங்க நின்னுச்சு" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பொலிஸுக்குத் தகவல் போய், அப்பாவைக் கொண்டுபோனார்கள். தோட்டம் அவளை விடவில்லை. கூடப்பிறந்தவனையே பொலிஸில் காட்டிக்கொடுத்தவள் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வந்து, "குடும்ப விசயம், பேசி முடிச்சிக்குவோம்" என்றார். அத்தை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். பிள்ளைகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்தால் நீதவான் மனம் இரங்குவார் என்று அம்மாவிடம் சொன்னவரும் அவர்தான்.

அத்தை எழுந்ததும் ஒரு பொலிஸ்காரர் உட்காரும்படி கையைக் காட்டினார். நீதவான் அவரைத் தடுத்து, பேசட்டும் என்றார்.

"ஐயா, நான் இவன் அக்கா. தூக்கி வளத்தவ. புள்ளைங்களப் பாத்து விடச் சொல்றாங்க. அந்தப் புள்ளைங்க கண்ணு முன்னாடிதாங்க இவன் அடிச்சான். அப்ப அதுங்க நிக்கிறது இவனுக்குத் தெரியலைங்களா? இன்னைக்கு மட்டும் தெரியுதுங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் எங்களைப் பார்த்தார். அதுவரை எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்பாவுக்காகப் பார்த்தவர்கள். எங்களுக்காக எங்களைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அப்பா சிறைக்குப் போனார். அத்தை உட்கார்ந்தாள். அதன் பிறகு சிறையில் ஆட்களைப் பார்க்க விடும் நாள் ஒவ்வொன்றிலும் சோறு கட்டிக்கொண்டு பதுளைக்குப் போனவளும் அவள்தான். அப்பா முகம் கொடுக்காத நாட்களும் உண்டு. அடுத்த முறையும் போவாள்.

இப்போது நான் பண்டாரவளையில் ஆசிரியை. பிள்ளைகள் பார்க்க நடக்கும் அடிதடிக்குத் தண்டனையைக் கூட்டவேண்டும் என்ற பேச்சு சில நாட்களாக எங்கள் ஆசிரியர் அறையில் நடக்கிறது. தகப்பனை உள்ளே போட்டால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒற்றைச் சம்பளத்தில் நாங்கள் கஷ்டப்பட்டது உண்மை. அத்தை தோட்டத்தில் தனக்குக் கிடைத்த மாவுப் பங்கிலிருந்து எங்களுக்குக் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்த மாதங்களில்தான் தம்பி மறுபடியும் சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கினான். எத்தனை காலத் தண்டனை சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அடித்தவனை மன்னிக்க மட்டும் பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பது சரியில்லை என்பது தெரியும். அதை எனக்கு முன்பே ஒருத்தி கோர்ட்டில் சொல்லிவிட்டாள் என்றேன்.

அப்பா விடுதலையாகி வந்த நாளையும் சொல்லவேண்டும். மெலிந்து, கையில் ஒரு பையோடு வாசலில் நின்றார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டாள்: "அப்பா வந்திருக்காரு. உள்ள வரட்டுமா? பயப்படாம சொல்லுங்க."

அந்த வீட்டில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். தம்பிதான், "வேணாம்" என்றான்.

அத்தை எழுந்து வாசலில் நின்ற அப்பாவிடம் போனாள். "கேட்டுக்கிட்டியா தம்பி? வா, என் வீட்டுல சோறு இருக்கு."

மறுநாள் அவளே அவரைக் கொஸ்லந்தையில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அவர் அங்கேயே வேலை தேடிக்கொண்டார். பல வருடங்களுக்குப் பிறகு, வளர்ந்து ஆளான தம்பி ஒரு நாள் பஸ் ஏறிக் கொஸ்லந்தைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தான். போய்ப் பார் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அத்தைகூடச் சொன்னதில்லை.