வெள்ளிக் கண்ணும் கிரேக்க வைத்தியக் கடவுளும்

மொன்றியலில் ஒரு கண் ஸ்பெசலிஸ்டைப் பார்ப்பதைவிடக் கடவுளைப் பார்ப்பது சுலபம். கடவுளுக்குக் குடும்ப வைத்தியரின் ரெஃபரல் கடிதம் வேண்டாம். இதை நிரூபித்த பெருமை ரொக்ஸ்பரோவில் வசிக்கும் இந்திராதேவிக்கே உரியது. நம் தமிழ்ச் சங்கங்கள் இன்னும் அவருக்குப் பொன்னாடை போர்த்தாதது வெட்கம்.

இந்திராதேவி ஒரு மியூசியத்தில் காவலாளி. எவரும் எதையும் தொடாமல் பார்ப்பது வேலை. இந்த வருஷம் அவர் காவல் நின்ற அறைக்கு அஸ்கிளீப்பியஸ் சிலையாக வந்து சேர்ந்தார். கருங்கடல் கரையில் குடியேறிய பழைய கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள். தாடி, கைத்தடி, தடியில் சுற்றிய பாம்பு. பக்கத்தில், சுகமானவர்கள் காணிக்கை கொடுத்த மண் கால், மண் காது, பளிங்கில் வெட்டிய கண்கள். இந்திராதேவிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடல் தாண்டிப் போகிறவர்கள் சாமியையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சுகம் வந்தால் உறுப்புச் செய்து கொடுப்பார்கள். இதில் என்ன ஆராய்ச்சி?

அப்போது அவருடைய கணவர் நகுலேஸ்வரன் பார்வை மங்கி, லொறி ஓட்ட முடியாமல் வீட்டில் இருந்தார். அவர் கண் சுகமாகவேண்டும் என்று இந்திராதேவி நின்ற இடத்திலேயே நேர்த்தி வைத்தார். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. சிலையின் காலடியில் ஒரு சோடி வெள்ளிக் கண் முளைத்தது.

மியூசியம் கலங்கிப்போனது. மேற்பார்வையாளர் பேனாட், மன்னார்க் கத்தோலிக்கர், இந்திராதேவியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, கமராவில ஒண்டும் விழேல்லை. தெரியாது எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி வேலை போயிடும்."

"பேர் நட்சத்திரம் சொல்லாமல் குடுத்தால் அந்த மனுசன் ஆரின்ரை கணக்கில எழுதுறது, தம்பி?"

"உங்களுக்குப் பிள்ளையார் இல்லையோ? தமிழ் விளங்காத சாமியிட்டை ஏன் போனனீங்கள்?"

"பிள்ளையார் பமிலி டொக்டர். இவர் ஸ்பெசலிஸ்ட். நீங்கள் சென் ஜோசப்புக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கை பிரெஞ்சிலயோ கதைக்கிறனீங்கள்?"



இந்திராதேவி நேரே காட்சிப் பொறுப்பாளர் மெலனியின் அறைக்குப் போனார். தன் பெயர், கணவர் பெயர், அவருடைய பூச நட்சத்திரம் எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒப்புவித்தார்.

"திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள், இதோடு விட்டுவிடுகிறேன்" என்றார் மெலனி.

"கொடுத்ததை எடுக்க முடியாது, மடாம். அவருடைய கண் போய்விடும்."

வேலை தப்பியது. ஆனால் காவலிலிருந்து, வருகிறவர்களின் குளிர்க் கோட்டு வாங்கி மாட்டும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளிக் கண்களைக் காட்சிக்கு வைக்கவும் வழியில்லை, எறியவும் மெலனிக்குப் பயம். அவருடைய மேசை லாச்சிக்குள் கிடக்கின்றனவாம்.

புரோசார்ட்டிலிருந்து மைத்துனி நிரஞ்சனி போனில் துக்கம் விசாரித்தார். "கடைசியில கோட்டுத் தூக்க விட்டிட்டாங்களே, மச்சாள்!"

இந்திராதேவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோயில் வாசலில செருப்புப் பாக்கிறதும் தொண்டுதானே? இஞ்சை பனி. அதாலை கோட்டு."