ரதத்துக்கு ஒரு வளைவு

மலாக்காவில் மாநகர் மன்றத்தின் சாலைத் திட்டப் பிரிவில் எனக்கு வேலை. அது என்ன வேலை என்பது அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. டுரியான் துங்கால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “வேலைன்னா சாயங்காலம் கண்ணுக்குத் தெரியணும். நீ அந்த மாஜ்லிஸ்ல உக்காந்து என்னதான் செய்றே?” என்பார். மன்றத்துக்கு மலாயில் மாஜ்லிஸ்; அம்மா வாயில் அந்தப் பெயர்தான்.

இந்த வருடம் கண்ணுக்குத் தெரிகிற வேலையே வந்தது. எங்கள் தெருமுனைச் சந்திப்பில் சாலை நடுவே புதிய தடுப்பு! வரைபடம் என் மேசைக்கு வந்தபோது நான் துள்ளாத குறைதான். பஸ் சுலபமாகத் திரும்பும், நீள லாரி கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பும் என்று குறிப்பு இருந்தது. அப்படியானால் கோயில் ரதம்?

புறப்பட்ட ரதத்தைப் பின்னால் தள்ளுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வளைவில் திரும்ப முடியாவிட்டால் நேராகப் பெரிய சாலையோடு போய்விடும். முட்டிவலியால் கோயிலுக்குப் போக முடியாத அம்மாவுக்கு, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சாமி வாசலுக்கு வரும். அதுவும் போச்சே என்று மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் மலாய்க்காரர், நல்ல பொறியாளர். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் என்ன என்று கேட்டார். எங்கள் சாமி ரிவர்ஸ் எடுக்காது என்றேன். சிரித்துவிட்டு, இடிக்கும் என்றால் நேரில் காட்டு என்றார்.

சாமி இல்லாமல் ரதத்தை வெளியே எடுக்க முடியாதே! கோயில் தலைவரிடம் கேட்டேன். “கயிறு போதும்மா. ரதத்து அளவுக்கு நாலு மூலையும் பிடிச்சி நடந்து பாத்திடலாம் லா” என்றார்.

ஞாயிறு காலை, தடுப்பு வரப்போகும் இடத்தில் சாலைக் கூம்புகளை வைத்தோம். முன்மூலைகளில் தலைவரும் செயலாளரும், பின்னால் நானும் பொறியாளரும். பசாருக்குப் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மானமே போகிறது என்று ஒரு பக்கம், சந்தோஷம் தாங்கவில்லை ஒரு பக்கம். வளைந்தோம். முன்பக்கம் தப்பித்தது. பொறியாளர் காலடியில் ஒரு கூம்பு உருண்டது.

“ஆலாமாக்!” என்று கத்தியவர், அங்கேயே நின்று வரைபடத்தைத் திருத்தினார். தடுப்பின் முனை மட்டும் கழற்றி வைக்கிற கட்டைகளாக மாறியது.

திருவிழா மாலையில் அந்தக் கட்டைகளை நானே ஆட்களோடு நின்று அகற்றினேன். ரதம் சந்திப்புக்கு வந்தது, சாய்ந்தது, ஒரே மூச்சில் திரும்பியது. நான் அலுவலகச் சீருடையோடு கைதட்டிக் கத்தினேன். யார் பார்த்தால் என்ன!

எங்கள் வாசலில் ரதம் நின்றது. அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினார். எப்போதும் முதலில் என் அண்ணன் பெயர்தான் சொல்வார்.

“யார் பேருக்கும்மா?” என்றார் குருக்கள்.

“மாஜ்லிஸ் பேருக்கு.”

குருக்கள் விழித்தார். “நட்சத்திரம்?”

“அதுக்கு ஏதுங்க நட்சத்திரம்? என் மக நட்சத்திரத்தையே சொல்லுங்க. பூசம்.”