சீசன் நடுவே வந்த கடைமடைக்காரர்

ரயில்வே கேட் மூடியிருந்தது. வேனின் நடு வரிசையில், நடு இடத்தில் நான். என் இடது தொடையை நெருக்கிக்கொண்டு என் மனைவியின் அண்ணன். வலது தொடையை நெருக்கிக்கொண்டு, எங்கள் கூடைப்பந்து அணிக்குச் சீசன் பாதியில் நான் பிடித்துவந்த புது ஆள், ஆறடிக்கும் மேலே. முன்னால் கேட். பின்னால் எங்கள் பம்பரை முகர்ந்து பார்ப்பதுபோல ஓர் அறுவடை மெஷின். இந்த இருவரில் ஒருவர்தான் இன்றைய ஆட்டத்தில் முதல் ஐந்து பேரில் இறங்க முடியும். அந்த இடத்தை நான் இருவருக்குமே கொடுத்திருந்தேன். தனித்தனியாக, ஒரே நாளில், ஒரே வாயால்.

எங்களுடையது நாற்பதைத் தாண்டியவர்களின் அணி. வலங்கைமான் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லின் சிமெண்ட் களத்தில் பழகுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூருக்குப் போய் ஆடுவோம். நான் உரக்கடைக்காரன், அணிக்குத் தலைவன். ஓட்டத்தில் முந்துவதால் தலைவனானேன் என்று நினைத்துவிட வேண்டாம்; ஓடுவதில் நான்தான் கடைசி. மற்றவர்கள் யாருக்கும் ரெஃப்ரியிடம் சண்டை போட வராது.

எங்கள் அணிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல ஆட்களுக்கும் முறை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, முறை முடிந்தவர் தானாக வெளியே வருவார், அடுத்தவர் தானாக உள்ளே போவார். பந்தும் அப்படித்தான். ஒருவர் கையில் தேங்காது, கடைசி ஆள் வரை போய்த் திரும்பும். தஞ்சாவூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து, "பந்தி பரிமாற வந்துட்டாங்கடா" என்பார்கள். சொல்லட்டும். பல வருடமாக ஒரு ஆள்கூட எங்களை விட்டுப் போனதில்லை.

இந்த சீசனில் எங்கள் உயரமான ஆள் வரப்பில் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டார். அடுத்தடுத்துத் தோற்றோம். இன்னும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடுவோம் என்றாகிவிட்டது. மற்றவர்கள் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கடையில் யூரியா கேட்டு வந்தவரிடம் "உங்க ஊர்ல உயரமா யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். இருந்தார். கீழ்வேளூர் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் கம்பெனி அணிக்கு ஆடியவர், இப்போது ஊரோடு வந்து விவசாயம் பார்க்கிறார். போனில் பிடித்தேன்.

"வர்றேண்ணே. ஆனா வந்து உக்கார வச்சுடாதீங்க."

"தம்பி, முதல் அஞ்சுல நீங்கதான்."

போனை வைத்த கையோடு மச்சானிடம் போய், "உங்க இடத்துக்கு ஒண்ணும் ஆகாது மச்சான்" என்றேன். ரிங்குக்கு அடியில் நிற்கும் இடம் ஒன்றுதான், இருவருமே அந்த இடத்துக்காரர்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பயந்தவனுக்குக் கணக்கு வராது, அவ்வளவுதான்.

பயிற்சியில் எந்தக் குறையும் தெரியவில்லை. அறுவடைக் காலம். களத்தில் பாதிக்கு மேல் நெல் காய்ந்தது. எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ரிங். அவர் அதனடியில் நின்றார். எங்கே அடித்தாலும் பந்து அவரிடமே வந்து சேர்ந்தது. ஆகா என்றோம்.

அவர் ஆடிய முதல் ஆட்டத்தில்தான் தெரிந்தது, அவரிடம் போன பந்து திரும்பாது என்பது. வாங்குவார், இரண்டு பேரை முதுகில் தாங்கிக்கொண்டு போடுவார். வென்றோம். ஆனால் முறை முடிந்தும் அவர் வெளியே வரவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மச்சான் ஜெர்சியை இழுத்துவிட்டபடி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், பிறகு எழவே இல்லை. ஜெயித்துவிட்டு வீடு திரும்பிய வேனில், சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருவதுபோல இருந்தோம்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணி அவர்மேல் மூன்று பேரை ஏவியது. எங்கள் மற்ற நால்வரும் இடுப்பில் கைவைத்து, தண்ணீர் வராத மதகைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோற்றோம். டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. "அவரு இல்லேன்னா முதல் ஆட்டமும் போயிருக்கும்" என்றது ஒரு பெஞ்ச். "அவரு வந்ததுலதான் டீமே போச்சு" என்றது இன்னொன்று. நான் இரண்டு பெஞ்சிலும் உட்கார்ந்து இரண்டுக்கும் தலையாட்டினேன்.

இன்று கடைசி ஆட்டம்; தோற்றால் கீழ்ப் பிரிவு. காலையில் தோசையைத் தட்டில் போட்டபடி என் மனைவி சொன்னாள்:

"எங்கண்ணன் இன்னைக்கும் வெளிய உக்காந்தா, வேனத் திருப்பிக்கிட்டு வந்துடுமாம். அடுத்த வருஷம் டீமே வேணாமாம். அது போனா மத்தவங்களும் போயிடுவாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னங்க சொல்றது? எங்கண்ணன் வெளிய உக்காந்தா நீங்களும் வாசல்ல உக்காருங்க. சோறு அங்க வரும்."

வேன் மச்சானுடையது. ஆட்ட நாளில் கால் அசந்துவிடும் என்று ஓட்டுவதை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடுவார். அந்த வேனில்தான், அந்தக் கேட்டில்தான் இப்போது நின்றோம். பின்னால் மெஷின் நின்றதால் மச்சான் நினைத்தாலும் திருப்ப முடியாது. எனக்கிருந்த ஒரே ஆறுதல் அந்த மெஷின்தான்.

"மாப்ள," என்றார் மச்சான், கேட்டைப் பார்த்தபடி. "இன்னைக்கு ரிங்குக்குக் கீழ யாரு?"

வலப்பக்கத் தொடை அசைந்தது. "ஆமாண்ணே, நானும் கேக்கணும்னு இருந்தேன். யாரு?"

ஒரு கூட்ஸ் வந்தது. அது முடிவதற்குள் ஏதாவது தோன்றிவிடும் என்று நம்பினேன். பெட்டி பெட்டியாகப் போனது. எனக்கு வேர்வைதான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. கூட்ஸ் முடிந்தது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயிலாம்.

"ரெண்டு பேரும்," என்றேன்.

"ரெண்டு பேருமா? அப்ப உக்காருறது யாரு?" என்றார் மச்சான்.

ஸ்டியரிங்கில் இருந்தவர் திரும்பாமலேயே சொன்னார்: "அஞ்சு பேர்ல தலைவரும் ஒருத்தர்தானே? அவரு உக்காரட்டும்."

வேன் முழுக்கச் சிரித்தது. நான் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். ஆளைச் சேர்ப்பது பற்றி இத்தனை நாள் யோசித்தேனே, சேர்ந்தவருக்காக வெளியேறுபவன் நானாக இருக்கலாம் என்ற பக்கமே என் மூளை போகவில்லை. எழுந்து போய்விடலாமென்றால் இரண்டு பக்கமும் தொடை.

"சரி, உக்காந்துக்கிறேன்," என்றேன். "முறையில கடைசியா வர்றேன்."

மச்சானின் முகம் கொஞ்சம் இளகியது. என்னைத் தாண்டிக் குனிந்து புது ஆளைக் கேட்டார்: "தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கைக்கு வந்த பந்த ஏன் விடவே மாட்டேங்கிறீங்க?"

"விட்டா திரும்பி வருமான்னு தெரியாதுண்ணே. எங்களது கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊரு. ஆத்துல தண்ணி வந்துச்சுன்னா ராவோட ராவா வயல்ல கட்டிக்குவோம். நாளைக்கும் வரும்னு நம்பி விட்டவன் கருகவிட்டுட்டு நிப்பான்."

"இங்க முறை இருக்கே."

"நீங்கதான் முறை முறைங்கிறீங்க. அந்த முறை எங்க ஊரு வரைக்கும் வந்து சேந்ததே இல்லண்ணே."

மச்சான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் தட்டியது என் தொடை. "மேல தண்ணியக் கட்டிவச்சுக் குடிக்கிறது நாங்கதானே, வேற யாரு! ஆமா, ஆள் மாறுற முறையயாவது மாப்ள சொன்னாரா?"

"இல்லையே. நல்லா ஆடுறதாலதான் வெளிய கூப்பிடலைன்னு நினைச்சேன்."

இரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. இரண்டாவது ரயில் வந்து என்னைக் காப்பாற்றியது. பாசஞ்சர். நாலே பெட்டி.

ஆட்டம் தொடங்கும் முன் மச்சான் புது ஆளின் தோளில் கைபோட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது. "நீங்க குடுங்க. திரும்பி வரும். வரலைன்னா என்னை வந்து கேளுங்க." முதல் பந்தை அவர், கடனுக்குக் கொடுப்பவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, மச்சானிடம் கொடுத்தார். மச்சானுக்கு முன்னால் ஆளே இல்லை, தானே போட்டிருக்கலாம். திருப்பிக் கொடுத்தார். அவர் போட்டார். அதன் பிறகு பந்து கடைசி ஆள் வரை ஓடத் தொடங்கியது. உயரமான ஒருவர் நடுவில் நிற்கும் எங்கள் பழைய ஆட்டம். இத்தனை அழகாக நாங்கள் ஆடி நான் பார்த்ததில்லை. அதில் நான் இல்லை என்பதுதான் நெருடியது.

முறை முடிந்ததும் புது ஆள் தானாக வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"திரும்பக் கூப்பிடுவாங்கல்லண்ணே?"

"கூப்பிடுவாங்க." எனக்கும் அதே சந்தேகம்தான்.

கூப்பிட்டார்கள், அவரை. நான் உட்கார்ந்தே இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன், துண்டு கொடுத்தேன். கடைசிக் கட்டத்தின் கடைசிப் பகுதி, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அப்போது வந்தது என் முறை.

நான் எழவில்லை. இந்த நேரத்தில் நான் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முறை என்று வாய் கிழியப் பேசியவனும் நான்தான். மச்சான் வெளியே வந்து நின்றார்.

"எந்திரிங்க மாப்ள. உங்க முறை."

"இப்ப வேணாம் மச்சான். நீங்களே ஆடுங்க."

"அந்தத் தம்பிக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒண்ணா? போங்கங்கறேன்."

போனேன். ரிங்குக்கு அடியில் புது ஆளுக்குப் பந்து போனது. மூன்று பேர் பாய்ந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், கொடுத்தார். துளியும் யோசிக்கவில்லை. பந்து என் கையில். ஆட்டம் முழுக்க இதற்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்! நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒருவன் என் முகத்துக்கு நேரே கைகளை விரித்தான். இன்னும் இறுக்கினேன்.

"அண்ணே, இங்க! இங்க!"

"மாப்ள, விடுங்க! அட, விட்டுத் தொலைங்க!"

இரண்டு குரலும் கேட்டன. கைதான் கேட்கவில்லை. ரெஃப்ரி விசில் அடித்தார். பந்தைப் பிடித்துவைத்த குற்றத்துக்கு அது எதிரணிக்குப் போனது. அவர்கள் அதைப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தது. கீழ்ப் பிரிவுக்குப் போனோம்.

திரும்பும் வழியில் யாரும் பின்னால் போய் உட்காரச் சொல்லவில்லை; அதே நடு இடத்தில் என்னைத் திணித்தார்கள். அதே கேட். அதே மூடல். என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

"தம்பி, நீங்களாவது பந்த வாங்கி ரிங்குல போட்டீங்க. இவரு வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போகப் பாத்தாரு."

"ஒரே ஒரு ஆட்டம் கடைசில உக்காந்ததுக்கே இப்படியாண்ணே?"

மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார். இருமல் அடங்கியதும் புது ஆள் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த சீசன்ல நான் உண்டாண்ணே? முறையில எனக்கு எங்க இடம்?"

தலைவன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு அடுத்து நீங்க," என்றார் மச்சான். "இவரு கடைசி. இவருக்கு இனிமே எப்பவும் கடைசிதான்."

கேட் திறந்தது. வேன் தண்டவாளத்தில் ஏறிக் குலுங்கியபோது இருவரும் இரண்டு பக்கமும் என்மேல் சாய்ந்தார்கள். மூச்சு விடவும் இடமில்லை. இன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிராது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.