தானாக அவுட்டாகும் ஜஸ்டின்

மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜஸ்டின் நடக்க ஆரம்பித்துவிட்டார். பந்து கீப்பர் கையில் இருக்கிறது. நடுவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பந்து போட்டவன்கூட ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பந்தைப் போடத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். ஜஸ்டின் மட்டும் நெஞ்சில் ஒரு கையை வைத்து, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், "டச் ஆயிடுச்சு பிரதர், டச் ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாஸ்டர் தங்கராஜ் தன்னைப் பார்த்துவிட்டாரா என்று ஓரக்கண்ணால் உறுதி செய்துகொள்கிறார்.

பந்துக்கும் மட்டைக்கும் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. அது ஜஸ்டினுக்கு நன்றாகத் தெரியும்.

வயது நாற்பத்து நான்கு. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த இடத்தில் இப்போது கட்டி நிறுத்தியிருக்கும் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டிகளை ஒழுங்காக அடுக்க வைப்பது கம்பெனி கொடுத்த வேலை. அடுக்கியதைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்புவது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மேனேஜர் 'ஓகே' என்று பதில் போட்டால் மதியம் இன்னொரு கரண்டி சோறு இறங்கும். பதில் வராத நாளில் அதே பெட்டிகளை வேறு கோணத்தில் எடுத்து மறுபடியும் அனுப்புவார்.

சபையின் ஆண்கள் ஐக்கியத்துக்குச் சனிக்கிழமைதோறும் வாட்ஸப்பில் செய்தி கொடுப்பவரும் அவர்தான். 'விளையாட்டில் விசுவாசிக்கு உண்டான பாடங்கள்' என்று வாரம் ஒரு குரல் பதிவு, ஆறு நிமிஷம். பதினோரு வாரமாக ஒரே கருத்துதான் ஓடுகிறது: மனுஷர் மெச்சும்படி வாழாதே. "கேலரியப் பாத்துகினு ஆடுறவன் பந்தப் பாக்க மாட்டான் பிரதர். நம்பளுக்கு அம்பயர் மேல கீறாரு" என்று சொல்லும் இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். தழுதழுப்பு சரியாக அமையவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வார்.

அனுப்பி முடித்ததும் ஆரம்பிக்கும் உண்மையான உழைப்பு. மனைவி சுதா ஒரு தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் நாலு தடவை போனைப் பார்த்துவிடுவார். யார் கட்டைவிரல் போட்டார்கள், யார் கைகூப்பினார்கள், யார் கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார்கள் என்று எல்லாம் மனப்பாடம்.

"பாஸ்டர் இன்னும் கேக்கல சுதா."

"நீ பேசுனத நீயே ஒரு தபா கேளுய்யா. அது போதும்" என்பாள் சுதா, தோசைக் கல்லைப் பார்த்தபடியே.

இந்த நடக்கிற வியாதி அவருக்கு வந்த விதத்தைச் சொல்லவேண்டும். போன வருஷம் ஒரு ஆட்டத்தில் மெய்யாகவே பந்து உரசியது. இவர்கள் ஆடுவது டென்னிஸ் பந்தில். மட்டையோரத்தில் லேசாக உரசினால் சத்தமே வராது. மட்டை பிடித்தவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிகிற சங்கதி அது. ஜஸ்டின் ஒன்றும் யோசிக்காமல் வெளியே வந்துவிட்டார். வந்தவர் தண்ணீர் குடித்தார், மறந்தும் போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பாஸ்டர், "நம்ம ஜஸ்டின் பிரதரைப் பாருங்க" என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷம் பேசினார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு நிமிஷம் ஒரு நல்ல மனுஷனைக் கெடுத்துவிட்டது. அதற்குப்பின் ஆடிய ஆறு ஆட்டத்தில் ஐந்தில் அவர் தானாகவே நடந்து வெளியே வந்திருக்கிறார். ஐந்திலும் பந்து படவில்லை.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் சபை டீமின் கேப்டன் பால்ராஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். பொய் சொல்லிவிட்டு உள்ளே நிற்கிறவனைத் திட்டலாம். பொய் சொல்லிவிட்டு வெளியே வருகிறவனை என்ன செய்வது? அதுவும் பாஸ்டர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது? நெமிலிச்சேரி சபையோடு இறுதி ஆட்டம் என்று ஆனதும் பால்ராஜ் பொறுமை இழந்தார். முந்தின நாள் ஜஸ்டினை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மெய்யா சொல்லு பிரதர். போன மேட்ச்சுல பட்டுச்சா?"

ஜஸ்டின் டீ கிளாஸுக்குள் பார்த்தார். "பட்ட மாரிதான் இருந்துச்சு."

"மாரி இன்னா மாரி? தபாரு, நாளைக்கு அம்பயர் கையத் தூக்காம நீ வெளிய வந்தே, இனிமே நம்ம டீம்ல நீ கெடையாது. ஆணை வெக்கக் கூடாதுன்னு வேதத்துல கீது, அதனால சும்மா சொல்றேன்."

அன்று ராத்திரி ஜஸ்டினுக்குத் தூக்கம் வரவில்லை. சிரிக்கத் தோன்றலாம். ஆனால் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவர் 'சூப்பரைசர்'. அடுக்கக வாட்ச்மேனுக்கு அவர் 'செகண்ட் ப்ளோர்'. ஆட்டம் உள்ள நாளில் இரண்டு மணி நேரம், முதுகில் பெயர் அச்சடித்த நீலச் சட்டையோடு அவர் நிற்கும்போதுதான் பத்துப் பேர் 'ஜஸ்டின், ஜஸ்டின்' என்று கத்துகிறார்கள். அது போய்விடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

மறுநாள் பட்டாபிராம் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில் ஆட்டம். ஜஸ்டின் மட்டை பிடிக்கப் போன அதே நேரம் பாஸ்டருக்குப் போன் வந்தது. நூம்பலில் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை. ஜெபம் பண்ண ஆள் வரவில்லையென்று கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜஸ்டின் மரத்தடியைப் பார்த்தார். காலி நாற்காலி. பதற்றத்தில் முதல் பந்தைக் கோட்டைவிட்டார். பிறகு நடந்தது அவருக்கே ஆச்சரியம். பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் பந்தைப் பார்த்தார். பந்து நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது! இரண்டு பந்து ரயில் பாதைக்குப் போயின. ஒன்று டீக்கடைக்காரரின் பாய்லரைத் தட்டிவிட்டு வந்தது. எதிர்முனையில் நின்ற பால்ராஜுக்கு ஆள் மாறாட்டம் நடந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

கடைசி ஓவர். நாலு பந்தில் ஆறு ரன். ஜஸ்டின் போனால் அடுத்து வருவதற்கு மிச்சமிருப்பவர் சபையில் கீபோர்டு வாசிக்கிற பிரதர் ஒருவர்தான். அவர் மட்டையைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது.

பந்து எழும்பி வந்தது. ஜஸ்டின் வெட்டினார். கீப்பர் பிடித்தார், பேருக்கு ஒரு சத்தம் போட்டார். நடுவர் தலையை ஆட்டி இல்லை என்றார்.

மட்டையின் மேல் ஓரத்தில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ஓர் உரசல். நூலளவு. ஜஸ்டினுக்கு அது முழங்கை வரைக்கும் தெரிந்தது.

நடு பிட்சுக்கு வந்த பால்ராஜிடம், "பால்ராஜு" என்றார் மெதுவாக. "பட்டுச்சுபா."

"உன் பட்டுச்சு எனக்குத் தெரியும். மூடிகினு ஆடு."

"இல்லபா. மெய்யாவே பட்டுச்சு."

"அதத்தான் அஞ்சு தபா சொல்லிக்கீறே. ஆடு பிரதர், உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்!"

கைதட்ட ஆளில்லை. நம்பவும் ஆளில்லை. நின்றால் கோப்பை, நடந்தால் சட்டையும் போச்சு. ஒரு மின்சார ரயில் முழுதாகக் கடந்து போகும்வரை ஜஸ்டின் மட்டையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். பின்னாலிருந்து யாரோ, "ஆரம்பிச்சுட்டான்யா" என்றது கேட்டது. அவர் நெஞ்சில் கை வைக்காமலே கோட்டைத் தாண்டினார்.

கீபோர்டு பிரதர் முதல் பந்திலேயே போல்ட். நெமிலிச்சேரிக்காரர்கள் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பால்ராஜ் வந்து ஜஸ்டின் முன்னால் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சட்டையத் தோச்சு அடுத்த வாரம் குடுத்துடு" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்டர் திரும்பி வந்தபோது கையில் பிரதிஷ்டை வீட்டு மிக்சர் பொட்டலம் இருந்தது. தோற்ற முகங்களைப் பார்த்தார். நிலைமை புரியாமல் உற்சாகமாகக் கேட்டார்: "என்ன ஜஸ்டின் பிரதர், நீங்க எப்படி அவுட்?"

பால்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஜஸ்டின் வாழ்க்கையில் சபைக்குச் சொல்ல இதற்கு நிகராக ஒரு சாட்சி அமைந்ததில்லை. காலி நாற்காலி, நம்பாத நண்பர்கள், பறிபோன சட்டை. மூன்று சனிக்கிழமைக் குரல் பதிவுக்குத் தாங்கும். அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். குரல் தானாகவே தழுதழுத்து நின்றது.

"கேட்ச், பாஸ்டர்" என்றார்.

குனிந்து, பேன்ட் ஓரத்தில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.