சாதாரண முயற்சி

அந்தக் கோடையில் எங்கள் பேஸ்பால் அணி ஒரு கிழமை வென்றது, மறு கிழமை தோற்றது. சில கிழமைகளில் சனிக்கிழமை வென்று ஞாயிற்றுக்கிழமை தோற்றது. கடைசி இடத்துக்குப் போயிருந்தால் யாராவது ஒரு பத்திரிகைக்காரர் இரக்கப்பட்டு வந்திருப்பார். முதலிடத்துக்குப் போயிருந்தால் சனம் வந்திருக்கும். நடுவில் நின்றதால் ஒருவரும் வரவில்லை. மேற்கு மெல்பேர்ணில், ட்ருகனினாவின் களஞ்சியக் கூரைகள் தூரத்தில் தெரிகிற ஒரு மைதானத்தில், சொசேஜ் வாட்டும் மணத்துக்கும் நெடுஞ்சாலை இரைச்சலுக்கும் நடுவே, வீரர்களின் குடும்பங்களும் வேறு போக்கிடமற்ற சிலரும் பார்த்திருக்க அந்தப் பருவம் நடந்தது.

தொழில்முறை அணி என்றுதான் பெயர். சம்பளமும் உண்டு, பெற்றோலுக்கும் சப்பாத்துக்கும் போதும். ஆகவே வார நாள்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், ஒருவர் குழாய் வேலை செய்தார், இன்னொருவர் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். வெளிநாட்டிலிருந்து வரும் ஓரிருவரை மட்டும் உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்துச் சாப்பாடு போட்டன.

நான் அந்த மைதானத்தின் உத்தியோகபூர்வ ஸ்கோரர். கிளப் என்னை நியமிக்கவில்லை, லீக்தான் நியமித்தது. இந்த வேறுபாட்டைக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விளக்கியிருக்கிறேன்.

கிரிக்கெட்டில் ஸ்கோரருக்கு அபிப்பிராயம் கிடையாது. நடுவர் கையைத் தூக்கினால் நாங்களும் கையைத் தூக்கிக் காட்டி எழுதிக்கொள்வோம். பேஸ்பால் அப்படியல்ல. அடித்த பந்து களத்தடுப்பாளரைத் தாண்டிப் போனால், அது அடித்தவனின் திறமையா, தடுத்தவனின் பிழையா என்று ஸ்கோரர் தீர்மானிக்க வேண்டும். திறமை என்றால் ஹிட். பிழை என்றால் எரர். அதற்கு விதிப்புத்தகம் ஓர் அளவுகோல் தருகிறது: அந்தத் தரத்தில் ஆடும் சராசரி வீரர் ஒருவர் சாதாரண முயற்சியோடு அந்தப் பந்தை எடுத்திருப்பாரா? எடுத்திருப்பார் என்றால் தவறவிட்டவர் பெயரில் எரர். மைதானத்தின் நிலையையும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீரரின் மனநிலையை எடுக்கத் தேவையில்லை.

இந்த வேலைக்கு நான் பிறந்தவன் என்று நினைத்தேன். வாகனக் காப்புறுதி நிறுவனமொன்றில் என் காலம் முழுவதும் பிணக்குகளைத் தீர்த்தவன் நான். யார் பிழை என்று எழுதுவதே என் தொழில். அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் மற்ற வாகனம் திடீரென்று எங்கிருந்தோ வந்திருந்தது. நின்றிருந்த லொறியில் மோதியவர் கூட அப்படித்தான் எழுதித் தந்தார்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. எங்கள் அணியின் ஷோர்ட்ஸ்டொப், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நிற்பவன், ஒரு தமிழ்ப் பெடியன். இங்கே பிறந்தவன். களஞ்சியத்தில் பெட்டி ஏற்றியவன் அவன்தான். நோபல் பார்க்கில் எங்கள் தெருவிலேயே வீடு. அவனுடைய தாயும் என் மனைவியும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். நான் அவனுக்குச் சாதகமாக எழுதுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கவனம் சற்றுக் கூடிவிட்டது என்பது மனைவியின் கட்சி.

"எங்கட பெடியனைக் கண்டால் மட்டும் உங்களுக்குக் கண் நல்லாத் தெரியுது, என்ன?"

"அவன் எங்கட பெடியனில்லை. ஷோர்ட்ஸ்டொப்."

"தாய் போன கிழமை கோயிலில என்னோட கதைக்கேல்லை."

"கதைக்காமலும் கும்பிடலாம்."

ஒருமுறை அவனுடைய கார் பழுதாகி கராஜில் நின்றது. "ஒரே தெருவில இருந்து ஒரே இடத்துக்குப் போறியள், ஏத்திக்கொண்டு போனால் என்ன?" என்று கேட்டாள். ஸ்கோரர் வீரரோடு பயணம் செய்ய விதியில் இடமில்லை என்றேன். உண்மையில் அப்படியொரு விதி எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருக்க வேண்டும். அவன் ரயிலேறி நகரத்துக்குப் போய், இன்னொரு ரயில் மாறி, மிச்சத் தூரம் நடந்து வந்தான். நான் அவனுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தேன்.

அவன் வீட்டில்தான் அந்த அமெரிக்கப் பிட்ச்சர் தங்கியிருந்தான். பந்து எறிபவன். இருபத்தைந்து வயதிருக்கும், நெடிய உருவம். அவனுடைய நாட்டில் இரண்டு அணிகள் அவனை விட்டுவிட்டன. இங்கே ஒரு பருவம் முழுக்க எறிந்து காட்டினால் யாராவது மறுபடி எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் வந்திருந்தான். எடுக்காவிட்டால் தகப்பனுடைய கூரை வேலை காத்திருந்தது. எறிகிற கையில் கொப்புளம் வந்ததால் இடது கையால் புட்டைக் குழைத்தானாம். ஷோர்ட்ஸ்டொப்பின் தாய் அதைப் பார்க்கப் பொறுக்காமல் கரண்டி எடுத்துக் கொடுத்தாராம். இதெல்லாம் என் மனைவி கோயிலில் திரட்டிய தகவல்.

பருவத்தின் பிற்பகுதியில் கிளப் ஒரு முடிவுக்கு வந்தது. நடுவில் நிற்கும் அணிக்கு இரண்டு வெளிநாட்டுப் பிட்ச்சர்கள் அதிகம். ஒருவரைத் திருப்பி அனுப்புவது. அந்தக் கிழமை ஆட்டங்களைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தீர்மானிப்பது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொசேஜ் விற்றவருக்கும்.

சனிக்கிழமை மாலை அந்த அமெரிக்கப் பிட்ச்சர் எறிந்தான். நன்றாக எறிந்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், இரண்டு தளங்களில் எதிரணி ஆள். அடுத்தவன் அடித்த பந்து தரையோடு ஷோர்ட்ஸ்டொப்பை நோக்கி வந்தது. அவன் குனிந்தான். கடைசி நேரத்தில் பந்து துள்ளி, கையுறையின் விளிம்பில் பட்டுப் பின்னால் போனது. ஒருவன் ஓடி வந்து ஓட்டம் எடுத்தான். அதற்கடுத்தவன் வேலிக்கு வெளியே அடித்தான். தளங்களில் நின்றவர்களோடு சேர்த்து இன்னும் மூன்று ஓட்டம்.

நான் ஹிட் என்று பதிந்தேன். மண் கெட்டியாகிப் பிளந்திருந்த இடம் அது. பந்து துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன்.

இதன் விளைவை விளக்க வேண்டும். எரர் என்றால், இன்னிங்ஸை முடிக்கும் மூன்றாவது அவுட் அங்கேயே கிடைத்திருக்க வேண்டும் என்று பொருள். பிறகு அந்த இன்னிங்ஸில் வரும் எந்த ஓட்டமும் பிட்ச்சர் கணக்கில் ஏறாது. ஹிட் என்றால் எல்லாம் ஏறும். நான் அழுத்திய ஒரு பொத்தானில் நான்கு ஓட்டங்கள் அவன் தலையில் விழுந்தன.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பின், ஸ்கோரரின் மாடி அறைக்கு ஏறும் மரப்படியில் ஆணிச் சப்பாத்தின் சத்தம் கேட்டது. ஷோர்ட்ஸ்டொப் வாசலில் நின்றான். முழங்கால் முழுக்கச் செம்மண்.

"அங்கிள், ஒரு நிமிசம் கதைக்கலாமோ?"

"வீரர்கள் இஞ்ச வரக்கூடாது, தம்பி. முறைப்பாடு எண்டால் மனேஜர் எழுத்தில தரவேணும்."

"முறைப்பாடில்லை. அந்த ஃபிஃப்த் இன்னிங்ஸ் பந்துக்கு எனக்கு எரர் போடுங்கோ."

நான் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டேன். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படியொரு விண்ணப்பம் வந்ததில்லை.

"பந்து துள்ளினது," என்றேன்.

"கொஞ்சம்தான். நான் லேற். கால் பிந்திட்டுது. ராத்திரி தொடங்கிக் காலமை மட்டும் ஷிஃப்ட் செய்து போட்டு வந்தனான், அங்கிள்."

"உம்மட பிழையை நீர் தீர்மானிக்கேலாது."

"நான் எவ்வளவு ட்ரை பண்ணினனான் எண்டு எனக்குத்தானே தெரியும்?"

"விதி உம்மைக் கேக்கேல்லை. சராசரி வீரனைக் கேக்குது."

"நான்தான் அங்கிள் சராசரி," என்று சிரித்தான். "இந்த ரீமில என்னைவிட ஆவரேஜ் ஆர் இருக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"மண்டே அவனை அனுப்பப் போகினம். அம்மா நேற்றே அழத் தொடங்கிட்டா. உங்களுக்கு மாத்த நாளைப் பின்னேரம் வரைக்கும் ரைம் இருக்குத்தானே?"

"இருக்கு. நான் பிழையாகப் பார்த்திருந்தால் மாத்தலாம். ஆராவது கேட்டதுக்காக மாத்தேலாது."

"இந்த சீசன் எனக்கு ரெண்டு எரர் தந்தனீங்கள். ரெண்டும் என்ரை இல்லை. நான் மேல வந்து கேட்டனானோ?"

நான் மேசையிலிருந்த விதிப்புத்தகத்தை நேராக்கி வைத்தேன்.

"அப்ப இதைத் தாங்கோ. கணக்குச் சரியாகும்."

"பழசை இப்பிடி ஈடுகட்ட விதியில இடமில்லை."

"விதியில என்ன இல்லையெண்டு உங்களுக்குத்தான் அங்கிள் வடிவாத் தெரியும்," என்றான். குரலில் கோபம் இல்லை. "சரி, போட்டு வாறன்."

ஞாயிறு காலை குசினி மேசையில் கணினியை வைத்துக் காணொளியைப் பார்த்தேன். கிளப்பின் கமெரா அடிப்பவனுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது. பந்து துள்ளியது தெரிந்தது. அவனுடைய இடது கால் ஒரு கணம் பிந்தியதும் தெரிந்தது. மனைவி தேநீரை வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தாள். பேஸ்பால் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள மறுத்தவள்.

"பந்து எழும்பினது உண்மை," என்றாள். "அவன் பிந்தினதும் உண்மை."

"ரெண்டில ஒண்டைத்தான் போடலாம்."

"எரர் எண்டு போட்டால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை நிக்குமோ?"

"நிக்கக்கூடும்."

"அப்ப போடுங்கோவன். பழியை ஏற்கிறவனே வந்து கேக்கிறான். உங்களுக்கு என்ன நட்டம்?"

எனக்கு ஒரு நட்டமும் இல்லை. எரர் என்று மாற்றினால் பிட்ச்சருக்கு நல்லது, ஷோர்ட்ஸ்டொப்புக்கு நிம்மதி, கோயிலில் என் மனைவிக்குப் பேச்சுத் துணை. ஆட்சேபிக்க அந்தப் பந்து மட்டுமே இருந்தது. அதை மறுபடி ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது துள்ளியது. களைத்த காலோடு வந்தவனுக்கு மட்டுமல்ல, நன்றாக உறங்கி வந்தவனுக்கும் துள்ளியிருக்கும். சாதாரண முயற்சிக்கு அது எட்டியிருக்காது என்றே தோன்றியது. கணினியை மூடினேன்.

அன்று பிற்பகல் ஆட்டத்தில் ஷோர்ட்ஸ்டொப் மேலே பார்க்கவே இல்லை. மாற்றுவதற்கான நேரம் ஏழாவது இன்னிங்ஸில் முடிந்துபோனது. திங்கட்கிழமை பிட்ச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது அந்த நான்கு ஓட்டங்களையா, எறியும் வேகத்தையா, விமான டிக்கட்டின் விலையையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அவன் புறப்படும் நாளில் மனைவி என்னை அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் இனி வீரனல்ல. மறுப்பதற்கு விதி இல்லை. ஷோர்ட்ஸ்டொப்பின் தாய் கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பினார்.

"வாங்கோ அண்ணை, கதிரையில இருங்கோ. அதுக்கும் ஏதும் விதி இருக்கோ தெரியேல்லை."

இருந்தேன். மேசையில் பிட்ச்சர் கரண்டியால் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஷோர்ட்ஸ்டொப் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றான். பிட்ச்சர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். ஆங்கிலத்தில் அவன் சொன்னதை இங்கே தருகிறேன். அது ஹிட்தான் என்றான். தாழ எறிய வேண்டிய பந்தைத் தானே நடுவில் எறிந்துவிட்டானாம், அடித்தவன் பலமாக அடித்தான், அவ்வளவுதான். மேலே போய் ஸ்கோரரைத் தொந்தரவு செய்யாதே என்று ஷோர்ட்ஸ்டொப்பிடம் முதலிலேயே சொன்னானாம். கேட்கவில்லையாம். பிறகு கை நீட்டினான். கொப்புளம் ஆறித் தோல் தடித்திருந்தது.

"அவன் பொய் சொல்லுறான்," என்றான் ஷோர்ட்ஸ்டொப், என்னைப் பார்த்துத் தமிழில். "நல்ல பந்துதான் போட்டவன்."

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனார். பெடியன்கள் இருவரும் பையைக் காருக்குள் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார்கள். என் காலத்தில் எத்தனையோ விபத்து நடந்த சந்திகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இடித்த இருவரும் நானே, நானே என்று நின்ற சந்தி எதுவும் நினைவில் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு மிகச் சிலரே வந்தார்கள். வென்றாலும் தோற்றாலும் அணி அதே இடத்தில்தான் முடியும் என்ற நிலை. பின்னேரக் காற்றில் செம்மண் பறந்தது. இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தபோது ஒரு பந்து தரையோடு ஷோர்ட்ஸ்டொப்பை நோக்கி வந்தது. அதே பிளவு. பந்து அதே இடத்தில் துள்ளியதை நான் பார்த்தேன். அவன் இந்த முறை ஓர் அடி முன்னால் நின்றிருந்தான். பந்து நெஞ்சுக்கு வந்தது. எடுத்து, முதலாம் தளத்துக்கு எறிந்தான். அவுட்.

நாலைந்து பேர் கைதட்டினார்கள். அவன் மண்ணைக் காலால் சமப்படுத்திவிட்டு, தலையைத் தூக்காமல், இருக்கைகளை நோக்கி நடந்தான். நான் அவுட்டைப் பதிந்தேன். பிறகு அவன் நின்ற இடத்தையும் அந்தப் பிளவையும் பார்த்துக்கொண்டு இருந்தேன், அடுத்த இன்னிங்ஸின் முதல் பந்துக்கு என்ன நடந்தது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்க வேண்டிவரும் வரை.