வலது கண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டு

படிக்கிற கண்ணாடி வாங்கத்தான் போனேன். தென்காசியில் பியூட்டி பார்லர் வைத்து இருபது வருஷமாகிறது. புருவத்தில் நூலை வைத்தால் ஒரு முடி இரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். இடது கண் பதினாறு. வலது கண் இருபத்தெட்டு. மறுபடியும் அளந்தார்கள். அதே இருபத்தெட்டு.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் அழப் போகிறேன் என்று தெரிந்து நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும்மா. அது வெளிய போறதுக்கும் வழி இருக்கு. உங்க வலது கண்ணுல அந்த மெயின் வழி மந்தமா இருக்கு. தண்ணி தேங்கி நரம்ப அழுத்துது. அப்படியே விட்டா, வலியே இல்லாம ஓரத்துலேருந்து பார்வை போயிரும். சொட்டு மருந்து எழுதித் தர்றேன்."

"சொட்டு மருந்து அதுக்கு என்னம்மா செய்யும்?"

"தசைக்கு இடையில கசிஞ்சு போற மாதிரி இன்னொரு சின்ன வழி இருக்கு. புராஸ்டாகிளாண்டின்னு ஒரு மருந்து இது. அந்தத் தசைய இளக்கி, தண்ணிய அது வழியா கூடுதலாப் போக வைக்கும். தினம் சாயங்காலம் வலது கண்ணுக்கு மட்டும் ஒரே சொட்டு. ரெண்டு விட்டா அழுத்தம் ரெண்டு மடங்கு குறையும்னு நினைச்சிராதீங்க."

வீட்டில் சொட்டு விடும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். புளியறை செக்போஸ்ட்டில் ஏட்டு. ஒரு விரலை நீட்டி லாரியை நிறுத்துகிறவர். முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது. இரண்டாவது காதில்.

"ஏட்டி, கண்ண மூடாதட்டி!"

"நான் எங்க மூடுதேன்? நீங்கதான மூடியிருக்கிய!"

உண்மையிலேயே அவர்தான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு மருந்தை விட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பயமாக இருக்கிறதாம். மறுநாளிலிருந்து நானே படுத்துக்கொண்டு விடப் பழகினேன். விட்டதும் கண்ணை மூடி, மருந்து மூக்குக்குள் இறங்கிவிடாதபடி மூக்கோரத்தை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்வேன். அந்த ஒரு நிமிஷமும் அவர் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். வலது கண் பதினெட்டு. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து டாக்டரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். மருந்தை நிறுத்தக் கூடாது என்று அவள் சொன்னதுகூட எனக்கு ஆசீர்வாதம் போலத்தான் கேட்டது.

குற்றாலச் சாரல் தொடங்கியபோதுதான் அந்த வேடிக்கை. கடையநல்லூரிலிருந்து ஒரு கல்யாணப்பெண் புருவம் திருத்த வந்திருந்தாள். சாய்ந்து படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அக்கா, ஒரு கண்ணுக்கு மட்டும் மஸ்காரா போட்டிருக்கியளா?"

கண்ணாடியில் பார்த்தேன். வலது கண்ணின் இமைமுடிகள் நீண்டு, கறுத்து, நுனியில் வளைந்து நின்றன. இடது கண்ணில் வழக்கமான ஐம்பது வயது முடி.

"ஐயோ, மருந்தும்மா இது!"

"எனக்கும் ஒரு சொட்டு விடுங்கக்கா. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்குல்லா?"

"போட்டி! கண்ணு செவந்துரும். இதுக்குச் சீட்டு வேணும், டாக்டர் வேணும், வியாதி வேணும்."

டாக்டருக்கு போன் செய்தேன். மருந்தின் வேலைதான், கருவிழியின் நிறம்கூடக் கொஞ்சம் கறுக்கலாம் என்றாள். "அப்ப இடது கண்ணுக்கும் விட்டுரட்டுமா? ஜோடி சேந்துருமே" என்றேன். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரமானது. கூடாது என்றாள்.

நான் தொழில்காரி அல்லவா? இடது கண்ணுக்கு ஒட்டு இமைமுடி வாங்கி ஒட்டினேன். இரண்டு கண்ணும் சரியாகப் பொருந்தின.

அந்தக் கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு அலங்காரம் முடித்துவிட்டு, அப்படியே என் மதினியோடு குற்றாலம் போனேன். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நெருக்கியடித்த கூட்டம். தண்ணீர் நேராகக் கண்ணில் அடிக்காதபடி தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தேன். பிடரியில் இடி மாதிரி இறங்கியது.

திடீரென எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அலறினாள். "பூரான்! தோள்ல பூரான்!"

அவ்வளவுதான். பூரான் பூரான் என்று நாலு பக்கமும் பெண்கள் சிதறி ஓடினார்கள். நானும் ஓடப் பார்த்தேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்து, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒன் எடது கண்ணு மொட்டையா இருக்கு!"

தடவிப் பார்த்தேன். ஒட்டு இமைமுடியைக் காணோம். விலகி ஓடிய அந்த அம்மாளின் தோளில், கறுப்பாக, வளைந்து, அத்தனை காலோடும் அதுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சிரிப்பில் குரல் வரவில்லை. மதினி தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் தலைக்கு மேலே சீசன் தண்ணீர் முழுவதும் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே எங்கள் இருவரைத் தவிர ஒரு ஆளில்லை.

"வாட்டி, அவளுவ திரும்பி வாரதுக்குள்ள குளிச்சிருவோம்" என்றாள் மதினி.